அலறியவர்களின் சாட்சியம்

ஒரு கச்சேரிக்குப் போய்வந்ததை நினைவுகூர்வதற்குக்கூட இந்த உலகம் இரண்டு தராசுகளை வைத்திருக்கிறது. ஆணின் நினைவை நிறுக்க ஒன்று, பெண்ணின் நினைவை நிறுக்க இன்னொன்று. இங்கிலாந்தின் ராக் இசை வரலாற்றிலிருந்து இரண்டு கச்சேரிகளை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று தெரியும்.

முதலாவது, 1976 ஜூன் 4ஆம் தேதி மான்செஸ்டர் நகரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்தது. பாடியவர்கள் செக்ஸ் பிஸ்டல்ஸ். அப்போது அவர்களை யாருக்கும் அதிகம் தெரியாது. வந்தவர்கள் சுமார் 40 பேர் என்பார்கள். அந்தச் சிறு கூட்டத்தில் இருந்த இளைஞர்கள் சிலர் பின்னாளில் தாமே இசைக்குழுக்கள் தொடங்கிப் புகழ்பெற்றார்கள். பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர், மோரிஸ்ஸி என்று அந்தப் பட்டியல் போகிறது. மறுநாளே போய் பேஸ் கிதார் வாங்கிய கதையை ஹுக் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்த ஒரு மாலையைப் பற்றித் தனிப் புத்தகமே வந்துவிட்டது. திரைப்படத்திலும் அது இடம்பெற்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 40 பேர் இருந்த அந்த மண்டபத்தில் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டார்கள். இந்தப் பொய்யை யாரும் கடிந்துகொள்வதில்லை. வரலாற்றின் மேல் ஆண்களுக்கு இருக்கும் காதல் என்று செல்லமாகச் சிரித்துக் கடந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியது. கூடியவர்கள் 55,600 பேர். அவர்களில் பெரும்பகுதி பதின்ம வயதுப் பெண்கள். ஒரு ராக் குழுவுக்காக ஒரு விளையாட்டரங்கமே நிரம்பியது அன்றைக்குப் பெரும் புதுமை. இன்று உலகமெங்கும் நடக்கும் மைதானக் கச்சேரிகளுக்கெல்லாம் முன்னோடி அந்த அரை மணி நேரம்தான். அங்கே போன சிறுமிகள் இன்று எழுபதுகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அந்த நாளைப் பற்றி வாய் திறந்தால் முதலில் வரும் கேள்வி இதுதான்: “நீங்கள் போட்ட கூச்சலில் பாட்டு காதில் விழுந்ததா?”

மான்செஸ்டர் போன ஆணிடம், “ஒலிபெருக்கி சரியாக இருந்ததா? சுருதி சேர்ந்ததா?” என்று யாரும் கேட்பதில்லை. அங்கே இருந்தாயா என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அவன் ‘இருந்தேன்’ என்று சொன்னால் போதும், சாட்சி ஆகிவிடுகிறான். அவள் இருந்ததற்கு டிக்கெட், புகைப்படம், படச்சுருள் எல்லாம் இருந்தும் அவள் வெறும் சத்தம். பொய் சொல்லும் ஆணுக்கு வரலாற்றில் நாற்காலி போடுகிறார்கள். மெய் சொல்லும் பெண்ணுக்கு ஏளனச் சிரிப்பு கிடைக்கிறது. என் வழக்கு இந்த அநீதியின் மீதுதான்.

இந்த ஏளனத்துக்கு ஒரு பிறந்த தேதிகூட உண்டு என்று சொல்லலாம். 1964 பிப்ரவரியில் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பால் ஜான்சன் என்ற எழுத்தாளர் பீட்டில்ஸ் மோகத்தைச் சாடிக் கட்டுரை எழுதினார். குழுவைவிட ரசிகைகள் மீதுதான் அவருக்கு ஆத்திரம். அவர்கள் அந்தத் தலைமுறையின் மந்தமானவர்கள், சோம்பேறிகள், தோற்றுப்போனவர்கள் என்று தீர்ப்பு எழுதினார். எழுதியது வலதுசாரிப் பத்திரிகையில் இல்லை, இடதுசாரி இதழில்! பெண்பிள்ளைகளை இகழ்வதற்கு எந்தக் கட்சியிலும் இடம் கிடைத்துவிடுகிறது.

அதே 1964இல் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி லிவர்பூல் கால்பந்து மைதானத்துக்குப் போனது. அங்கே ‘காப்’ எனப்படும் நின்று பார்க்கும் பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்கள் நெருக்கியடித்து, அலையாக ஆடி, தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாடியது என்ன தெரியுமா? பீட்டில்ஸின் ‘ஷி லவ்ஸ் யூ’. அதைப் படம்பிடித்தவர்களின் குரலில் வியப்பு ததும்பியது. ஏதோ ஒரு செழுமையான மக்கள் பண்பாட்டைக் கண்டுபிடித்த மானுடவியலாளரின் பரவசம் அது. ஊர் ஒன்று, பாட்டு ஒன்று, வருடமும் ஒன்று. ஆண்கள் பாடினால் பண்பாடு, பெண்கள் அலறினால் ஹிஸ்டீரியா.

அந்தச் சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ஹிஸ்டீரியா. பெண்ணின் கொந்தளிப்புக்கெல்லாம் கருப்பைதான் காரணம் என்று நம்பிய மருத்துவத்தின் மிச்சம் அது. நாம் தமிழில் ‘பேய் பிடித்துவிட்டது’ என்கிறோம். நோய் என்றாலும் பேய் என்றாலும் சொல்லவருவது ஒன்றுதான்: கத்துவது அவள் இல்லை, அவளுக்குள் இருக்கும் வேறு ஏதோ. நம்மிடையே பெண் உரத்துக் குரலெழுப்பக் குலவை இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது. முன்னது ஊரின் மங்கலத்துக்கு, பின்னது அடுத்தவர் சாவுக்கு. தனக்காக, தன் மகிழ்ச்சிக்காக அவள் கத்துவதற்கு எந்தச் சடங்கும் இடம் ஒதுக்கவில்லை. அப்படிக் கத்தியதைத்தான் அந்தப் பெண்பிள்ளைகள் செய்தார்கள். அதுதான் பொறுக்க முடியாத குற்றமாகப் போனது.

அவர்கள் எந்த வாழ்க்கையிலிருந்து அந்த அரங்குகளுக்கு வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் 15 வயதோடு பள்ளியை விட்டுவிடலாம். அதற்குப் பிறகு தட்டச்சுப் பலகை, கடைக் கல்லா, கல்யாணம். அமெரிக்காவில் பாலின பேதமின்றிக் கடன் வழங்க வேண்டும் என்று சட்டம் வந்ததே 1974இல்தான். அதுவரை மனைவியின் கடன் அட்டைக்குக் கணவனின் கையெழுத்தைக் கேட்பது வங்கிகளின் வழக்கம். அடக்கமாக உட்கார், மெதுவாகப் பேசு, முழங்காலை மூடு என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்கள் காவலர்களின் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். மயங்கி விழுந்தார்கள், அழுதார்கள், யாரைப் பிடித்திருக்கிறது என்று ஊரறியக் கூவினார்கள். பார்பரா எரன்ரைக், எலிசபெத் ஹெஸ், குளோரியா ஜேக்கப்ஸ் ஆகிய மூவரும் 1986இல் எழுதியது இதைத்தான்: அறுபதுகளில் பெண்கள் முன்னின்று நடத்திய முதல் பெரும் பொங்கியெழல் பீட்டில்ஸ் மோகம், பின்னால் வந்த பெண் விடுதலை இயக்கத்தின் கொதிநிலை அங்கேயே தொடங்கிவிட்டது.

“இதெல்லாம் வியாபாரம் தூண்டிவிட்ட வெறி” என்று ஒரு வாதம் உண்டு. முற்போக்காளர்களே இதைச் சொல்வார்கள். சட்டை, பொம்மை, முடிமூடி என்று அந்தக் குழுவின் பெயரில் விற்காத பொருள் இல்லை, உண்மைதான். ஆனால் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பை நினைத்துப் பாருங்கள். தரைக்குக் கீழே, காற்றோட்டமில்லாத, சுவரில் ஈரம் வடியும் நிலவறை அது. 1961 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அங்கே பாடத் தொடங்கியபோது அவர்கள் பெயரில் ஒரு பாட்டுகூட விற்பனைக்கு வரவில்லை. மதிய உணவு இடைவேளையில் பக்கத்து அலுவலகங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் இளம்பெண்கள் அங்கே போனார்கள். எந்த விளம்பரம் அவர்களைத் தூண்டியது? எந்த நிறுவனம் அனுப்பியது? வியாபாரிகளும் விமர்சகர்களும் வந்துசேரும் முன்பே அந்த இசையின் மதிப்பை அறிந்தவர்கள் அவர்கள். இதே காரியத்தை ஓர் ஆண் செய்திருந்தால் ‘கண்டெடுத்தவர்’ என்று பட்டம் கொடுத்திருப்பார்கள்.

அவர்களுடைய காது ஏன் அத்தனை கூர்மையாக இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. 1963இல் வந்த பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டில் ‘பாய்ஸ்’, ‘பேபி இட்ஸ் யூ’, ‘செயின்ஸ்’ என்று மூன்று பாடல்கள் உண்டு. முதல் இரண்டும் ஷிரல்ஸ் பாடியவை, மூன்றாவது குக்கீஸ் பாடியது. இரண்டுமே அமெரிக்கக் கறுப்பின இளம்பெண்களின் குழுக்கள். ‘பாய்ஸ்’ பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைப் பற்றிப் பாடும் பாட்டு. அதை ரிங்கோ ஸ்டார் பெரிதாக மாற்றிக்கொள்ளாமல் மேடையேற்றினார். அதாவது பெண்களின் ஆசை பெண்களின் மொழியில், ஆண்களின் தொண்டை வழியே, மேடையிலிருந்து பெண்களுக்கே திரும்பி வந்தது. கீழே இருந்தவர்களுக்கு அது கேட்டது. அலறல் அதற்கான மறுமொழி. மேதைமைக்கு நாலு ஆண்களின் பெயரை மட்டும் எழுதி வைத்த வரலாற்றாசிரியர்களுக்குத்தான் கேட்கவில்லை.

அடுத்த குற்றச்சாட்டு இன்னும் பெரியது. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட் 29 அன்று சான்பிரான்சிஸ்கோவில் பாடியதோடு சுற்றுப்பயணக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார்கள். “பெண்களின் கூச்சலால்தான் நின்றது” என்பது பரவலான பேச்சு. பாடுகிறவருக்குத் தன் குரலைத் திருப்பிக் கேட்கச் செய்யும் மேடை ஒலிபெருக்கிகள் அன்று அவர்களிடம் இல்லை. ஷே ஸ்டேடியத்தில் ஆட்ட அறிவிப்பு செய்யும் ஒலிபெருக்கிகள் வழியேதான் 55,600 பேருக்கும் பாட்டுப் போனது. போதிய கருவி இல்லாமல் அரங்கை நிரப்பிக் காசு பார்த்தவர்கள் யார்? அதே 1966 ஜூலையில் மணிலாவில் அதிபர் மாளிகை விருந்துக்குப் போகவில்லை என்பதற்காக அவர்களை விமான நிலையத்தில் அடித்து விரட்டினார்கள். ஆகஸ்டில் ஜான் லெனன் கிறித்தவத்தைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்துக்காக அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இசைத்தட்டுகளைக் கொளுத்தினார்கள், கூ கிளக்ஸ் கிளான் மிரட்டியது. இத்தனையும் நடந்திருக்க, பழி மட்டும் பதினான்கு வயதுப் பெண்களின் தொண்டைமீது! இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1980 டிசம்பர் 8 அன்று லெனனைச் சுட்டுக் கொன்றவன் அவருடைய ரசிகனாக இருந்த ஓர் ஆண். அதற்காக ஆண் ரசிகர்களே ஆபத்தானவர்கள் என்று யாரும் எழுதவில்லை. எழுதவும் கூடாது. அந்த நியாயம் பெண்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

இனி, அந்தப் பெண்கள் உண்மையில் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்போம். கேட்டவர்களுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். 1964 செப்டம்பர் 11 அன்று புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஒரு கச்சேரி. நிறவேற்றுமைப்படி பிரித்து உட்காரவைத்தால் பாடமாட்டோம் என்று பீட்டில்ஸ் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த கறுப்பினச் சிறுமி கிட்டி ஆலிவர் பின்னாளில் வரலாற்றாய்வாளர் ஆனார். 2016இல் வந்த ரான் ஹோவர்டின் ஆவணப்படத்தில் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறார். வெள்ளையர்களுக்கு நடுவே அவர்களைப் போலவே நின்று ஒரே பாட்டைப் பாடிய அனுபவம் அது. நடிகை வூப்பி கோல்ட்பெர்க்கும் அதே படத்தில் பேசுகிறார். எங்கே போகிறோம் என்றே சொல்லாமல் அவருடைய அம்மா அவரை ஷே ஸ்டேடியத்துக்கு அழைத்துப்போனார். அப்போது அவருக்கு வயது ஒன்பது. லிவர்பூலில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டே மதிய இடைவேளையில் கேவர்னுக்குப் போன ஃப்ரீடா கெல்லி, 17 வயதில் அந்தக் குழுவின் அலுவலகச் செயலாளர் ஆனார். ரசிகர் மன்றத்தை நடத்திக் குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுதினார். பல பத்தாண்டுகள் மௌனமாக இருந்து, 2013இல் வந்த ஆவணப்படத்தில்தான் விரிவாகப் பேசினார். நிறவெறியின் வரலாறு, தாய்க்கும் மகளுக்குமான அன்பு, உழைக்கும் பெண்ணின் வரலாறு எல்லாம் இந்த நினைவுகளுக்குள் இருக்கின்றன. “பாட்டு காதில் விழுந்ததா” என்று கேட்கிறவனுக்கு இவை எதுவும் காதில் விழாது.

ஹாலிவுட் பவுல் அரங்கில் 1964இலும் 1965இலும் பீட்டில்ஸ் பாடியதன் ஒலிப்பதிவு 1977இல் இசைத்தட்டாக வந்தது. 2016இல் அதைப் புதுப்பித்தபோது புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டு கூட்டத்தின் இரைச்சலிலிருந்து பாட்டைப் பிரித்துத் துலக்கினார்கள். பொறியாளர்களின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பதிவில் இரண்டு தரப்பினர் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தரப்பின் பெயர்கள் உலகத்துக்கே மனப்பாடம். இன்னொரு தரப்பு, குறைத்து வைக்க வேண்டிய ஒலியளவு. நம் காலத்து வரலாற்றெழுத்து எல்லாவற்றிலும் இந்த விசை இருக்கிறது. பெண்குரலைக் குறை, நாயகனின் குரலைக் கூட்டு.

இதையெல்லாம் ஒரு தமிழ்ப் பேராசிரியை ஏன் எழுத வேண்டும்? என் வகுப்பில் பிடிஎஸ் குழுவின் படத்தைக் கைப்பேசி உறைக்குள் ஒளித்து வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நான் வரும் சத்தம் கேட்டால் உறையைத் திருப்பி வைக்கிறார்கள். கொரிய மொழியைத் தாமே படித்து, பாடல் வரிகளைத் தமிழில் பெயர்த்து நோட்டில் எழுதியிருந்தாள் ஒருத்தி. நல்ல மொழிபெயர்ப்பு. இளம்பெண் ரசிகைகளின் நினைவுகளைத் தொகுத்து ஆய்வு செய்ய அவள் விரும்பியபோது, “இதில் என்ன ஆய்வு இருக்கிறது? பெண்பிள்ளைகள் கூச்சல் போடுவதா?” என்று கேட்டார் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர். நாயக நடிகர்களின் ரசிகர் மன்றங்களைப் பற்றிய ஆய்வென்றால் அது அரசியல், சமூகவியல்; அதற்குத் தடையே இல்லை. பால் ஜான்சன் எழுதி அறுபது ஆண்டு ஓடிவிட்டது. அவருடைய தீர்ப்பு மட்டும் ஆய்வுக்குழுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

ரசிகையாக இருப்பதை நான் புனிதமாக்கவில்லை. நாலு ஆண்களை அண்ணாந்து பார்த்ததால் மட்டும் விடுதலை வந்துவிடாது. மேடை அவர்களுடையது, கீழே நிற்பது நாம் என்ற ஏற்பாட்டையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் அங்கே நின்றவர்கள். நிற்காதவர்கள் அவர்கள் வாயில் துணி அடைக்க வேண்டியதில்லை.

ஆகவே மாணவிகளே, உங்களுக்குப் பிடித்ததை உங்கள் பெயரோடு எழுதிவையுங்கள். எந்த நாள், எந்த இடம், யாருடன் போனீர்கள், வீட்டில் என்ன பொய் சொன்னீர்கள், டிக்கெட் காசு எப்படிச் சேர்ந்தது, எந்த வரியில் அழுகை வந்தது என்று எழுதுங்கள். உங்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் அவர்கள் யாருக்காகக் கூவினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அறுபது ஆண்டு கழித்து ஒருவன் வந்து, “பாட்டு காதில் விழுந்ததா?” என்று கேட்பான். கேட்கட்டும். அப்போது நீட்டுவதற்கு உங்களிடம் ஒரு நோட்டு இருக்க வேண்டும்.