நூல் விலை

விழுப்புரத்தில் ரயிலேறியது முதல் எதிர் பெஞ்சிலிருந்த பெண் குரோஷா ஊசியை நிறுத்தவே இல்லை. நடுவில் சங்கிலி வளையம். அதைச் சுற்றி மூன்று மூன்றாகக் கொத்துத் தையல். சுற்றுக்கொரு நிறம், எல்லாம் மிச்ச நூல். ‘கிரானி ஸ்கொயர்’ என்பார்கள். பாட்டி வயதெல்லாம் அவளுக்கு இல்லை.

பக்கத்திலிருந்த கனவான் அவள் பையிலிருந்த மேஜை விரிப்புக்கு விலை கேட்டார். சொன்னாள்.

“நூல் விலை இதில் கால்வாசி இராதே! வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் போடுவதுதானேம்மா?”

தம் சட்டை தைத்தவனுக்கு அவர் நூல் விலை மட்டுமா கொடுத்தார்?

ஸ்வெட்டர் பின்ன யந்திரம் உண்டு. அசல் குரோஷாவைக் கடைச் சரக்காகப் போட்டுத் தள்ளும் யந்திரம் இன்றுவரை இல்லை. மலிவாகத் தொங்குவதும் யாரோ ஒருத்தியின் விரல் வேலைதான். ஆந்திராவின் நரசாபுரத்தில் ஏற்றுமதிக்காகக் குரோஷா லேஸ் போட்ட பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நாளெல்லாம் ஊசி பிடித்தவர்களுக்கு ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள்’ என்று பெயர். கூலியும் அந்தப் பெயருக்கேற்ற கூலி.

2016 ஜனவரி 31-ஆம் தேதி சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். ஊரே கைதட்டியது. நானும்தான். கைதட்டக் காசு வேண்டாமே!

திண்டிவனத்தில் கனவான் வெறுங்கையோடு இறங்கினார். விரிப்பைச் சொன்ன விலைக்கே நான் வாங்கினேன். புதுச் சதுரத்தை இனாமாக நீட்டினாள். அதற்கும் காசெடுத்தேன், கோபித்துக்கொண்டாள்.