ஒரே சரக்குக்கு மூன்று கடைகளா?

இணையத்தில் மூன்று கடைகள் திறந்தால் விற்பனை மும்மடங்காகும் என்று அங்கத்தினர் சிலர் யோசனை கூறுகின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. பவானி ஜமக்காளத்தையும் ஈரோட்டு மஞ்சளையும் அதே படத்துடனும் அதே வர்ணனையுடனும் மூன்றிடங்களில் வைத்தால், கூகுள் தேடுபொறி பெரும்பாலும் அவற்றுள் ஒன்றையே எடுத்துக் காட்டும். ஏனையவை நகலெனப் பின்தள்ளப்படும். வெவ்வேறு தளங்களிடையேயும் மூலப் பக்கம் இதுவென்று நாமே குறித்துக் காட்ட, 2009-இல் அந்நிறுவனம் வழி செய்தது. அவ்வாறு குறித்தாலும் முன்னே வருவது ஒரு கடைதானே? மற்ற இரண்டுக்கும் செலவு எதற்கு?

இதனினும் பெரிய இடர் இருப்புக் கணக்கில் உள்ளது. மஞ்சளையாவது மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுத்துவிடலாம். தறியில் நாட்கணக்கில் நெய்த பெரிய ஜமக்காளம் ஒன்றே ஒன்று. அதனை இரு கடைகளில் இருவர் ஒரே வேளையில் வாங்கிவிட்டால் ஒருவருக்குப் பணத்தைத் திருப்பியனுப்பி, மன்னிப்பும் கோர வேண்டும். அவர் மறுபடி நம்மிடம் வருவாரா?

வணிகர் மூட்டைக் கணக்கில் மஞ்சள் வாங்கத் தனிக் கடை கேட்டால், அதில் நியாயமுண்டு. வாங்குவோர் வேறு, விலை வேறு, எழுதும் வாசகமும் வேறு. ஜமக்காளத்துக்கு இப்போதுள்ள கடையே போதும். அதிலும் நூல் ரகம், நீள அகலம், சலவை முறை எதனையும் நாம் இதுவரை எழுதவில்லை! நெய்த அங்கத்தினர்களே அவற்றை மகாசபைக்கு முன் எழுதித் தருமாறு வேண்டுகிறோம்.