செலவு நோட்டைக் கிழித்து மிச்சம் பிடித்த மேதாவிகள்

செலவைக் குறைக்கிறேன் என்று செலவு எழுதும் நோட்டையே தூக்கி எறியும் கடைக்காரர் உண்டா? அமெரிக்காவின் நாசா ஏறக்குறைய அதைத் தான் செய்யப் பார்த்தது! 1984-இல் ஏவிய லேண்ட்சாட் 5-இலும், 1999-இல் ஏவிய லேண்ட்சாட் 7-இலும் நிலத்தின் வெப்பத்தை அளக்கும் கருவி இருந்தது. லேண்ட்சாட் 8-க்கான திட்டத்தில் மட்டும் அதற்கு இடமில்லை.

இதனால் என்ன குடி முழுகி விடும் என்று கேட்கலாம். வயலிலிருந்து ஆவியாகும் நீரை நேரடியாகப் படம் பிடிக்க முடியாது. கழித்துத் தான் கண்டுபிடிக்க வேண்டும். நிலத்தில் தங்கும் சூரிய சக்தியில் ஒரு பங்கு மண்ணையும், ஒரு பங்கு காற்றையும் சூடாக்கும். மிச்சம் தான் நீரை ஆவியாக்கும். ஒரு கிலோ நீருக்குச் சுமார் 24.5 லட்சம் ஜூல் செலவு. தண்ணீர் குடித்த வயல் குளிர்ந்திருக்கும், காய்ந்தது கொதிக்கும். நெதர்லாந்தின் விம் பாஸ்டியான்சன் 1990-களில் உருவாக்கிய செபல் முறையும், அதை ஒட்டி ஐடஹோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஆலன் குழு வளர்த்த மெட்ரிக் முறையும் இந்தக் கணக்கைத் தான் போடுகின்றன. வெப்ப அளவு இல்லையென்றால் கணக்கே இல்லை.

மோட்டாருக்கு மீட்டர் மாட்டினால் போதாதா? போதாது. வங்கியில் நூறு ரூபாய் எடுத்து முப்பதைத் திரும்பக் கட்டினால் செலவு எழுபது தான். இறைத்த நீரிலும் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி நிலத்தடிக்கே திரும்புகிறது. மீட்டர் காட்டுவது எடுத்ததை மட்டும். ஐடஹோவில் கால்வாய்ப் பாசனக்காரருக்கும் கிணற்றுப் பாசனக்காரருக்கும் தண்ணீர்த் தகராறு உண்டு. அங்கே இந்த வித்தியாசம் தான் வழக்கே!

வேறு செயற்கைக்கோள் இல்லையா? மோடிஸ் தினமும் பார்க்கிறது. ஆனால் வெப்பத்தில் அதன் ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர் அகலம். ஐடஹோவின் வட்டப் பாசன வயல் ஒன்று ஏறக்குறைய 800 மீட்டர் தான். யாருடைய வயல் எவ்வளவு குடித்தது என்று அதில் எப்படிப் பிரிப்பது?

லேண்ட்சாட் ஒன்று 16 நாளுக்கு ஒரு முறை தான் வரும், மேகம் மறைத்தால் அதுவும் போச்சு என்பது உண்மை தான். அதற்கு மருந்து இன்னொரு கோள். கருவியைப் பிடுங்குவது அல்ல!

மேற்கு மாநிலங்களின் நீர் அதிகாரிகள் விடாமல் போராடிய பிறகே கருவி சேர்ந்தது. 2013 பிப்ரவரி 11-இல் கோள் பறந்தது. கடைசி நேர அவசரத்தில் முதன்மைக் கேமராவுக்கு 5 ஆண்டு ஆயுள், வெப்பக் கருவிக்கு 3 ஆண்டு என்று வடிவமைத்தார்கள். அதற்குள் லேண்ட்சாட் 5 2011-இல் படுத்து விட்டது. லேண்ட்சாட் 7-இன் படங்களில் 2003 முதலே கோடு கோடாக ஓட்டை. போராடாமல் இருந்திருந்தால் அந்த ஓட்டைப் படம் தான் கதி.

2021-இல் லேண்ட்சாட் 9 வெப்பக் கருவியோடு பறந்தது. அதே ஆண்டு ஓப்பன்இடி தளம் மேற்கு மாநிலங்களின் வயல்வாரி நீர்ச் செலவை எல்லோருக்கும் திறந்து வைத்தது. பட்ஜெட்டில் அடுத்த முறை கத்தரிக்கோல் எடுப்பவர்கள் முதலில் ஐடஹோ விவசாயியிடம் கேட்கட்டும், அந்தக் கருவி ஆடம்பரமா என்று!