காசு கட்டி வேலை பார்க்கவா கம்ப்யூட்டர் படிக்க வைத்தோம்?

மலைப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறார்கள். போளூர் பஸ்ஸிலும் ஆலங்காயம் பஸ்ஸிலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க அவர்கள் போவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. சாமை அறுத்த வீட்டிலிருந்தும் புளி உலுக்கிய வீட்டிலிருந்தும் பி.இ., பி.எஸ்சி., பி.சி.ஏ. என்று கிளம்பிவிட்டார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் சண்டையெல்லாம் இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ அந்த வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் ஒரு சொல்லோடுதான். இன்டர்ன்ஷிப்.

கேள்விப்படாத என் வயதுக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். படிக்கும் காலத்திலேயே ஒரு நிறுவனத்தில் சில வாரமோ சில மாதமோ இருந்து, வேலை எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்வதற்கு இந்தப் பெயர். நல்ல ஏற்பாடு. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கழகம் 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்திலேயே இதைச் சேர்த்துவிட்டது. தச்சுப் பட்டறையில் பையன் உளி எடுத்துக் கொடுத்துக்கொண்டே தொழில் பழகுவது போலத்தான். ஆனால் எந்த ஆசாரியும் உளி எடுத்துக் கொடுத்த பையனிடம் பணம் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே கேட்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெண் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கொண்டு வந்தால்தான் மதிப்பெண் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று சொல்லவில்லை. செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரு மாதம், வீட்டிலிருந்தே செய்யலாம், சான்றிதழ் நிச்சயம், கட்டணம் 4,500 ரூபாய். அம்மா புளி விற்ற காசை எடுத்துக் கொடுத்தார். வந்த வேலை என்ன தெரியுமா? ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த ஒரு புரோகிராமை இறக்கி, பெயரை மாற்றித் திருப்பி அனுப்புவது. யாரும் படித்துப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை திருத்தவில்லை. முப்பதாம் நாள் தங்க நிற விளிம்பு போட்ட சான்றிதழ் வந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ஒன்றைச் சொன்னால் மற்றவை யோக்கியம் என்று ஆகிவிடும்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். சான்றிதழைச் சரிபார்ப்பதே பிழைப்பாக இருந்தது. ஒரு சான்றிதழ் கைக்கு வந்தால் நாங்கள் அதன் விளிம்பையும் முத்திரையையும் பார்த்து மயங்க மாட்டோம். கொடுத்தவர் யார், கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டா, அவரிடம் இதற்கு ஒரு பதிவேடு உண்டா என்று பார்ப்போம். இந்தத் தங்க விளிம்புக் காகிதத்துக்கு அந்த மூன்றும் கிடையாது. நாளைக்கு நேர்முகத் தேர்வில் உட்காருகிறவர் "இதில் நீ என்னம்மா செய்தாய்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், 4,500 ரூபாயும் அங்கேயே கரைந்துவிடும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்டர்ன்ஷிப்பைப் பிரெஞ்சில் 'ஸ்தாழ்' என்பார்கள். பிரான்சில், ஒரே இடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் ஸ்தாழ் செய்யும் மாணவனுக்கு நிறுவனம் படித்தொகை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன். நம் நாட்டிலேயே 1961-ல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. அப்ரன்டிஸாகச் சேருகிறவனுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்கிறது. ஃபிட்டருக்கும் டர்னருக்கும் அப்போதே புரிந்துகொண்ட நியாயம், கம்ப்யூட்டர் பிள்ளைக்கு வரும்போது மட்டும் தலைகீழாகிப் போனது எப்படி? எனக்கே ஆபீசில் சேர்ந்த பிறகுதான் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதவும் வரைவு போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஹெட்கிளார்க் பக்கத்தில் உட்காரவைத்துச் சிவப்பு மையால் திருத்துவார். சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றேன். கற்றதற்கு யாரும் என்னிடம் ரசீது போடவில்லை.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் மலைப் பிள்ளைகள்தான். சென்னையில் இருக்கும் பையனுக்கு மாமா ஒருவர் ஏதாவது ஐ.டி. கம்பெனியில் இருப்பார். ஒரு போன் போட்டால் இடம் கிடைக்கும். இங்கே பல குக்கிராமங்களில் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவீத இடம் என்று 2021-ல் சட்டம் வந்தது. அப்படிச் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பெரிய காரியம், வணங்குகிறேன். ஆனால் தங்க விளிம்புச் சான்றிதழுக்கான கட்டணம் எந்த அரசாணையிலும் வராது. அது புளிக் காசிலிருந்தும் நகைக்கடனிலிருந்தும்தான் போகிறது.

புரோக்கர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது இந்த மலைக்குத் தெரியாததா? கைநிறையக் கூலி என்று சொல்லி நம் ஆட்களைச் செம்மரம் வெட்டக் கூட்டிப் போனவர்களை மறந்துவிட்டோமா? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள்.  அதையும் இதையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே உயிர் போனது, இங்கே போவது பணமும் ஒரு வருஷமும். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வெளியே என்ன இருக்கிறது என்று நேராகச் சொல்ல ஆளில்லாத ஊரில் புரோக்கர் சொல்வதே சேதி.

அப்படியானால் நேரான வழி இருக்கிறதா என்பீர்கள். இருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம்.

காவலூரை எடுத்துக்கொள்ளுங்கள். வைணு பாப்பு வானாய்வகம் நம் மலை மேலேயே இருக்கிறது. அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-லேயே வந்துவிட்டது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்பதற்கான தடயம் 1977 மார்ச் 10-ல் இங்கேயும் பதிவானது. 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து தொடங்கிவைத்தார். 1988-ல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். நம்மில் பலர் சனிக்கிழமை பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போய் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்ததோடு சரி. வானத்தைப் பார்ப்பது இன்று பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் வேலை. தொலைநோக்கியைத் திருப்புவது கம்ப்யூட்டர். விழும் ஒளி எண்களாகத்தான் பதிவாகிறது. அந்த எண்களிலிருந்து இரைச்சலைக் கழித்து, நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட்டு, எந்தப் புள்ளி நகர்ந்தது என்று கண்டுபிடிப்பது புரோகிராம். இந்த வானாய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. அது மாணவர்களைப் பயிற்சித் திட்டங்களுக்கு எடுக்கிறது, பொறியியல் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வருஷாவருஷம் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. விஞ்ஞானி ஒருவரிடம் இரண்டு மாதம் வேலை, அதற்குத் தொகை, போக வரச் செலவு. இந்த இரண்டையும் எந்தக் கல்லூரி நம் பிள்ளைகளிடம் சொன்னது? நான் விசாரித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. தங்க விளிம்புக்காரனை எல்லோருக்கும் தெரிகிறது.

அடுத்தது, கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்துவைத்த புரோகிராம்கள். வானியலுக்கென்றே ஆஸ்ட்ரோபை என்று ஒன்று இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். அதில் ஒரு சின்னத் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினால், பொறுப்பாளர் ஒருவர் வரிவரியாகப் படித்து, இது சரியில்லை, மாற்று என்று பதில் போடுவார். என் ஹெட்கிளார்க்கின் சிவப்பு மை அதுதான்! ஏற்றுக்கொண்டால் அந்த மாணவியின் பெயரோடும் தேதியோடும் பதிவாகும். வேலை கொடுக்கிறவன் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் திறந்து பார்க்கலாம். பதிவேடு என்றால் அது. இப்படிப்பட்ட வேலைக்கு உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. சிலருக்குத்தான் கிடைக்கும், போட்டி அதிகம். ஆனால் முயன்று பார்க்க ஒரு பைசா கட்ட வேண்டாம்.

ஆங்கிலம் தடுக்கிறது என்கிறவர்களுக்குத் தமிழிலேயே வழி உண்டு. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு, புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம், தமிழில் எழுதிப் பரப்பும் கணியம் அறக்கட்டளை என்று நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த வரைபடம் 2004-லிருந்து இருக்கிறது. நம் மலையின் ஊர்களையும் ஒற்றையடிப் பாதைகளையும் சுகாதார நிலையங்களையும் அதில் சரியாகக் குறிக்க, இந்த ஊரிலேயே பிறந்த பிள்ளையை விடத் தகுதியானவர் யார்? நாளைக்குப் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வர அது உதவும். பாடத்துக்கு வெளியே செய்யும் வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இதற்கு மூன்று மறுப்புகள் கேட்டேன். முதலாவது, "கம்பெனிக்காரன் சான்றிதழ் கேட்கிறானே?" காகிதம் கேட்பான், சரி. ஆனால் வேலையைத் தீர்மானிப்பது காகிதத்துக்கு அடுத்த கேள்வி. இரண்டாவது, "கல்லூரிக்கு இத்தனை பேருக்கு இடம் பிடிக்க முடியுமா?" கட்டாயம் என்று விதி போட்டால், இடம் பிடிப்பதும் கடமை. முடியாதென்றால் கல்லூரியிலேயே ஓர் ஆசிரியர் மேற்பார்வையில் உருப்படியான ஒரு வேலையைச் செய்யவைத்து மதிப்பெண் கொடுங்கள். மூன்றாவதுதான் நியாயமான மறுப்பு. "கூலியில்லாமல் மூன்று மாதம் புரோகிராம் எழுத ஏழைப் பிள்ளையால் முடியுமா? விடுமுறையில் அவன் திருப்பூருக்குப் போய் நாலு காசு சம்பாதித்தால்தானே அடுத்த பருவத்துக்குச் செருப்பு?" உண்மை. அதனால்தான் உதவித்தொகை வேண்டும் என்கிறேன். அதற்குப் பதில், அந்த ஏழையிடமே 4,500 ரூபாய் வாங்குவதல்ல.

நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. அதில் திறன் பாடங்கள் செலவில்லாமல் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பாடம் வேறு, பழகும் இடம் வேறு. ஆகவே என் பழைய வழக்கப்படி, குறிப்பாகவே எழுதிவிடுகிறேன்.

1. மாணவர் பணம் கட்டி வாங்கிய இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்கு மதிப்பெண் இல்லை என்று கல்லூரிகள் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

2. எந்தெந்த நிறுவனம், எத்தனை இடம், எவ்வளவு உதவித்தொகை, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் தமிழிலும் ஒட்ட வேண்டும்.

3. காவலூர் வானாய்வகம் ஒவ்வொரு கோடையிலும் இந்த மலையின் அரசுப் பள்ளிகளிலிருந்து போன கல்லூரி மாணவர்கள் சிலருக்கு உதவித்தொகையோடு இடம் ஒதுக்க வேண்டும். அவர்கள் பெற்றோர் மேய்த்த மேட்டிலிருந்துதானே வானத்தைப் பார்க்கிறார்கள்.

4. மலைப் பள்ளிகளின் கணினி அறைகளைக் கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும்.

இவை நடக்கும்வரை நம் வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேரனோ பேத்தியோ பணம் கேட்டு வந்தால் அவர்களைத் திட்டாதீர்கள், குற்றம் அவர்களுடையதல்ல. மூன்றே கேள்வி கேளுங்கள். வேலை செய்யப்போவது நீ, பணம் கட்டுவது ஏன் நாம்? செய்ததைப் படித்துத் திருத்தப்போகும் ஆள் யார், அவர் பெயர் என்ன? முடிந்த பிறகு நீ செய்ததை வேறொருவர் எங்கே பார்க்கலாம்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் நகைப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

விண்ணப்பம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால் என்னிடம் அனுப்புங்கள். புரோகிராம் எனக்குத் தெரியாது. படிவம் நன்றாகத் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்துச் சொல்கிறேன், கட்டணம் இல்லை. வரும்போது சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் இரண்டிரண்டு நகல் எடுத்துவரச் சொல்லுங்கள்.