கிரிவலம் வருகிறவர்களுக்கு எந்தச் சோபா?

திருவண்ணாமலையில் சோபா வாங்குகிறவர் கடைக்குப் போகுமுன் காலண்டரைப் பார்ப்பது நல்லது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டுக்கு ஆள் வரும். கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து வரும் பெரியம்மாவுக்கு, கூடத்தை அடைத்துக் கிடக்கும் ‘எல்’ வடிவ சோபாவால் என்ன பயன்? அதில் இரண்டு பேர் படுக்கலாம். அது இல்லாவிட்டால் ஏழெட்டுப் பேர் பாய் விரிக்கலாம்.

கடையில் அமுங்குகிற மெத்தையைத்தான் பெருமையாகக் காட்டுகிறார்கள். முட்டிவலிக்காரர்களுக்கு அதுதான் வினை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், இறுக்கமான மெத்தை, ஊன்றி எழ மரக் கைப்பிடி: என் மாமியார் கேட்பது இவ்வளவே. ரெக்சின் வேண்டாம், சித்திரை வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றித் துவைக்கிற பருத்தி உறை போதும்.

ஊரிலேயே பேர்போன சோபா ரமணாசிரமத்துப் பழைய ஹாலில் இருக்கிறது. ரமணர் சுமார் இருபது ஆண்டுகள் அமர்ந்ததும் சாய்ந்ததும் உறங்கியதும் அங்கேதான். 1949இல் திறந்த புது ஹாலில் அவருக்காகக் கல்லிலேயே ஓர் ஆசனம் செதுக்கினார்கள். வேலைப்பாட்டில் அதற்கு ஈடில்லை. ஆனாலும் என் ஓட்டு பழையதற்கே. உட்காரவும் படுக்கவும் ஒரே சாமான். சின்ன வீட்டுக்கு வேறென்ன வேண்டும்?

கடைச் சோபாவுக்குக் கொட்டும் பணத்தில் உள்ளூர்த் தச்சரிடம் வேங்கை மரத்தில் ஒரு திவான் சொல்லிவிடலாம். அடியில் பாயும் தலையணையும் வைக்க இழுப்பறை கேளுங்கள்.