செப்புத் தகட்டின் அடிவரி

கல்பிட்டியில் 1807ஆம் ஆண்டிற் பிறந்து, பன்மொழிப் புலமை எய்தி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் விவரிக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் இயற்றி, பின்னர் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்து, சிலாபத்தில் நீதிபதியாகவும் உத்தியோகம் வகித்த சைமன் காசிச்செட்டி அவர்கள், தாம் மறைவதற்கு முந்திய ஆண்டாகிய 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு வெளியிட்டார்கள். கிரேக்க அறிஞராகிய புளூட்டாக் தம் உலகத்து வீரர்களின் சரித்திரங்களை எழுதிவைத்தது போலத் தமிழ்ப் புலவர்களின் சரித்திரங்களையும் எவரேனும் எழுதிவைக்க வேண்டும் என்ற வேட்கையால், செவிவழிச் செய்திகளையும் ஏட்டுச்சுவடிகளையும் ஆராய்ந்து, ஏறக்குறைய இருநூறு புலவர்களை ஒரே நூலுக்குள் அவர் கூட்டிவைத்த பிரயாசைக்குத் தமிழுலகம் என்றும் கடமைப்பட்டது. ஆயினும் அந்நூலை முதலிலிருந்து முடிவு வரை புரட்டினாலும் ஒரு புலவரின் முகத்தை நாம் அதிற் காண்பதில்லை. காண்பதற்கு அவர்களுடைய சித்திரங்கள் எங்குமே இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

அதே 1859இல் லண்டனில் எமர்சன் டெனன்ட் என்பவர் இலங்கையைப் பற்றி எழுதிய இரண்டு பெரிய தொகுதிகள் மரத்திற் செதுக்கி அச்சிட்ட படங்களோடு வெளிவந்தன. அதே காலத்தில் ஜோன் கில்பர்ட் என்னும் ஓவியர் வரைந்து, டால்சியல் சகோதரர்கள் மரக்கட்டையிற் செதுக்கிய நூற்றுக்கணக்கான படங்களோடு ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பகுதி பகுதியாக அந்நகரத்துக் கடைகளில் விற்பனையாகிக்கொண்டிருந்தன. ஒரு தேசத்தின் புலவர்கள் முகமின்றி நிற்க, மற்றொரு தேசத்தில் புலவனின் கற்பனையிற் பிறந்த பாத்திரங்களுக்குக்கூட முகமும் உடையும் நடையும் வாய்த்திருந்த இந்த வேறுபாடு நெடுங்காலமாக என் மனத்தை விட்டு அகலவில்லை.

இத்தகைய படங்களில் எனக்குப் பற்று உண்டானது சிலாபத்து ஆசிரியர் ஒருவருடைய வீட்டு அலுமாரியிலிருந்த பழைய ஷேக்ஸ்பியர் தொகுதி ஒன்றினால் ஆகும். கடற்காற்றின் உப்பினாலும் பூச்சியினாலும் பக்கங்கள் உதிரத் தொடங்கியிருந்தபோதிலும், மெல்லிய தாளினால் மூடப்பட்டிருந்த உருக்குத்தகட்டுப் படங்கள் மாத்திரம் புதுமை குன்றாமல் இருந்தன. அவற்றைப் பார்த்த பிறகே அவற்றின் முன்னோர்களைத் தேடிச் சென்றேன். தேடியவற்றுள் முதலிடம் பெறத் தக்கது வில்லியம் ஹோகார்த்தின் ‘மூன்றாம் ரிச்சர்டாக டேவிட் காரிக்’ என்பதே என்பது என் துணிபு.

டேவிட் காரிக் என்னும் இளைஞர் 1741 ஒக்டோபரில் லண்டனின் ஓரத்திலிருந்த சிறிய அரங்கொன்றில் ரிச்சர்ட் மன்னனாக வேடம் பூண்டு தோன்றிய இரவிலிருந்து ஆங்கில நடிப்பின் போக்கே மாறிற்று என்பர். அந்த வேடத்தை 1745இல் தைலவர்ணத்தில் எழுதிய ஹோகார்த், அடுத்த ஆண்டிலே சார்ல்ஸ் கிரிக்னியன் என்னும் செதுக்குநரின் துணையோடு அதைச் செப்புத் தகட்டிற் பொறித்து வெளியிட்டார். தான் கொன்றவர்களின் ஆவிகளைக் கனவிற் கண்டு, போருக்கு முந்திய இரவிலே கூடாரத்துக்குள் மன்னன் திடுக்கிட்டு விழிக்கும் கணம் அது. ஒரு கை வாளைப் பற்றியிருக்கிறது, மறு கை விரல்கள் விரியக் காற்றைத் தள்ளுகிறது, தலைக்கு மேலே விளக்கு, அருகே சிலுவை, காலடியிற் கவசம். ஆவிகளை ஓவியர் காட்டவே இல்லை. விரிந்த உள்ளங்கையிலும் உறைந்த கண்களிலும் அவற்றை நாமே காண்கின்றோம். நம் கூத்துக் களரியிலே, எதிரில் எவருமின்றி அண்ணாவியாரின் மத்தளத்தை மாத்திரம் துணையாகக் கொண்டு, பகைவரின் சேனை முழுவதையும் கையசைவினால் வரவழைத்த நடிகர்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்தக் கையின் பெருமை உடனே விளங்கும்.

அந்தத் தைலவர்ணச் சித்திரம் இருநூறு பவுணுக்கு ஒரு செல்வரின் மாளிகைக்குச் சென்றது. செப்புத் தகட்டுப் பிரதிகளோ சில சில்லிங்குக்கு வணிகரின் வீட்டுச் சுவருக்கும் காப்பிக்கடைக்கும் சென்றன. நாடகசாலைக்குள் ஒருநாளும் காலடி வைத்திராத ஊர்ப்புறத்தான் ஒருவன் காரிக்கின் முகத்தை அறிந்திருந்தது இதனாலேதான். காரிக் தாமும் இதன் பயனை நன்கு உணர்ந்து, தம் வேடங்களை ஓவியர்கள் எழுதுவதையும் அவை அச்சாகிப் பரவுவதையும் ஆவலோடு ஊக்குவித்தார். 1779இல் அவர் மறைந்தார். மேடையில் அவர் பேசிய குரல் அன்றோடு போயிற்று. அபிநயத்தின் ஒரு கணம் மாத்திரம் தாளில் நிலைத்தது.

இங்கே தொழிலைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மெருகிட்ட செப்புத் தகட்டிலே கூரிய சிற்றுளியைத் தள்ளித் தள்ளிக் கோடு வெட்டி, அக்கோடுகளுக்குள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமாக்கிய தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால், பள்ளத்திலுள்ள மை தாளுக்கு ஏறுகிறது. படம் இடம் வலமாக மாறிப் பதியுமாகையால் செதுக்குநர் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி நினைத்தே வேலை செய்ய வேண்டும். பெரிய தகடொன்று முற்றுப்பெற ஆண்டுகள் செல்வதும் உண்டு. கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகளாற் குத்தி மென்மை வருவித்தனர் சிலர். தகடு முழுவதையும் முதலிற் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடங்களை மாத்திரம் சுரண்டி மெருகேற்றும் மெசோடின்ட் முறையை வேறு சிலர் கையாண்டனர். செம்பு மென்மையானதாகையால் சில நூறு பிரதிகளுக்குப் பின் கோடு தேய்ந்து படம் வெளிறிவிடும். 1820களில் உருக்குத் தகடு புழக்கத்துக்கு வந்த பின்னரே ஆயிரக்கணக்கில் அச்சிட இயன்றது. அந்நூற்றாண்டின் இறுதியிற் புகைப்பட அச்சுமுறை வந்து இத்தொழிலை அடியோடு வீழ்த்திற்று.

இவை எல்லாவற்றினும் என்னைக் கவர்வது படத்தின் கீழேயுள்ள சிறிய வரியாகும். இடப்புற மூலையில் ஓவியர் பெயர். வலப்புற மூலையில் செதுக்கியவர் பெயர். நடுவே வெளியிட்டவர் பெயரும், அவர் கடையிருந்த வீதியும், வெளியிட்ட நாளும். தம் படங்களைப் பிறர் களவாகப் படியெடுத்து விற்றமையால் மனம் நொந்த ஹோகார்த்தும் அவருடைய நண்பர்களும் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்துப் பெற்ற 1735ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு ஆண்டு உரிமையைப் படத்துக்கு வழங்கியதோடு, உரிமையாளர் பெயரும் வெளியிட்ட நாளும் தகட்டிலேயே பொறிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. வணிகர்களின் பொருட்டு எழுந்த விதிதான் அது. ஆனால் அதன் புண்ணியத்தால் இன்று ஒரு நடிகரின் வேடம் எந்த ஆண்டில், எந்த ஓவியரின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றிற்று என்பதை நாம் ஐயமின்றி அறிகின்றோம். ரெனால்ட்ஸ் என்னும் ஓவியர் நடிகை ஒருவரைக் கொண்டு 1784இல் எழுதிய ‘சோகரசத் தேவியாகத் திருமதி சிடன்ஸ்’ என்னும் ஓவியத்தை ஃபிரான்சிஸ் ஹேவர்ட் 1787இற் செதுக்கி வெளியிட்டார் என்று நாம் சொல்ல முடிவது, பெயரையும் நாளையும் விடாது குறிக்கும் அந்தப் பழக்கத்தின் பயனேயாகும்.

படங்களை அச்சிட்டு வெளியிட்டுவந்த ஜோன் பொய்டெல்லின் முயற்சியையும் இவ்விடத்தில் விட்டுவிடலாகாது. ஷேக்ஸ்பியரின் நாடகக் காட்சிகளை நாட்டின் தலைசிறந்த ஓவியர்களைக் கொண்டு எழுதுவித்து, 1789இல் லண்டனில் அதற்கெனவே ஒரு சித்திரசாலை திறந்து, அவற்றைச் செதுக்கி உலகெங்கும் விற்கலாம் என அவர் எண்ணினார். பிரான்சோடு மூண்ட யுத்தத்தினால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது; கடன் பெருகிற்று; பாராளுமன்றத்தின் அனுமதியோடு சித்திரசாலையையே லொத்தர் சீட்டிற் கழிக்க நேர்ந்தது; சீட்டுக் குலுக்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1804 டிசம்பரில், அவர் காலமானார். அப்பெருமுயற்சியை நான் வணங்குகிறேன். எனினும் அத்தொகுதிப் படங்களிற் பல மேடையை மறந்து சரித்திர ஓவியத்தின் ஆடம்பரத்தை நாடியமையால், ஹோகார்த்தின் ஒரு கைக்கு அவை ஈடாகா என்பதே என் தீர்ப்பு.

தமிழுக்கு இத்தகைய படங்கள் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. வில்பத்துக் காட்டின் மேற்கெல்லையிற் செம்மண் பாறையாகக் கடலைப் பார்த்து நிற்கும் குதிரைமலையே அல்லியரசாணியின் இருப்பிடம் என்பது நம் கரையோரத்தாரின் பரம்பரை நம்பிக்கை. அந்த அல்லி, சென்னையில் அச்சான பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களிலே மரக்கட்டையிற் செதுக்கிய முரட்டுக் கோடுகளாற் காட்சி தந்தாள். அப்புத்தகங்களில் அரசர்களும் அரசிகளும் கூத்து மேடையிலிருந்து அப்படியே இறங்கி வந்தவர்கள் போல முடியும் புஜகீர்த்தியும் தரித்து நிற்பார்கள். அவற்றைச் செதுக்கியவர்கள் ஓவியக் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். ஆயினும் மேடையைக் கண்ணாற் கண்டவர்கள். 1894இல் அச்சகம் நிறுவிச் சகுந்தலையையும் தமயந்தியையும் வர்ண அச்சில் வீடுதோறும் சேர்த்த ரவிவர்மாவின் பணியை யாவரும் போற்றுகின்றோம். பெரிய எழுத்துப் புத்தகத்தின் செதுக்குநரைப் பெயர் சொல்லிப் போற்ற வழியில்லாமற் போயிற்று. அவர் கட்டையிலே அடிவரி வெட்டவில்லை.

நம் கரையோரத்துக்கு வருவோம். உடப்பிலே திரௌபதை அம்மன் கோயிலின் ஆடி உற்சவத்தில், பாரதக் கதை பதினெட்டு நாட்கள் ஓதப்பட்டும் சடங்காக நடிக்கப்பட்டும் தீமிதிப்போடு நிறைவெய்துகிறது. கரைவலை இழுக்கும்போது அங்குள்ளோர் பாடும் அம்பாப் பாடலே ஒரு நாடகத்தின் எழுச்சியும் இறக்கமும் உடையது. தெற்கே சிலாபம், மாரவில் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமங்களின் மரபு வேறு. கோவாவிலிருந்து வந்து தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1742இல் மறைந்து துயில்கொள்வது வென்னப்புவைக்கு அண்மையிலுள்ள போலவத்தையில். அப்பக்கத்திலெல்லாம் அர்ச்சியசிட்டர்களின் சரித்திரமும் மூவிராசாக்களின் கதையும் கூத்தாகத் தமிழில் ஆடப்பட்டு, காலப்போக்கிற் சிங்கள நாடகமாக உருமாறின. தமிழ்க் கூத்திலிருந்தே ‘நாடகம’ என்னும் சிங்கள நாட்டுக்கூத்து வகை கிளைத்தது என்பதைப் பேராசிரியர் சரச்சந்திரா அவர்களே நிலைநாட்டியுள்ளார். இவ்வளவு செழிப்பான மேடைக்கு நம்மிடம் எத்தனை படங்கள் உண்டு? உள்ளவற்றுள் எத்தனையில் ஆடியவர் பெயர் உண்டு? விடிய விடிய ஆடி ஊரையே அழவைத்த அரிச்சந்திரனும் எஸ்தாக்கியாரும் பேரப்பிள்ளைகளின் வாய்மொழியில் மாத்திரம் வாழ்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டார்கள்.

இப்பொழுது எவர் கையிலும் படம் பிடிக்கும் தொலைபேசி இருக்கிறதே, இனி என்ன குறை என்று கேட்கக்கூடும். படங்கள் பெருகியிருப்பது உண்மைதான். சென்ற ஆடித் திருவிழாவின் படங்கள் ஆயிரக்கணக்கில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றிலேனும் இன்னார் இன்ன வேடத்தில் இன்ன நாளில் நின்றார் என்ற குறிப்பைக் காண்பது அரிது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அவற்றைக் காண்போர் ஒளிரும் முடியையும் சாயம் பூசிய முகத்தையும் காண்பார்களேயன்றி மனிதரை அறியமாட்டார்கள். காரிக்கைக் காத்தது செம்பு மாத்திரமன்று. செம்பின் அடியில் வெட்டப்பட்ட பெயரும் நாளுமே அவரை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தன. காசிச்செட்டி அவர்களும் தம் நூலில் அதைத்தான் செய்தார்கள்: முகம் கிடைக்காதபோது பெயரையும் ஊரையும் காலத்தையுமாவது எழுதிவைத்தார்கள்.

ஆதலால் கல்பிட்டி முதல் வென்னப்புவை வரையுள்ள வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டுப் பெட்டியிலோ சுவரிலோ பாட்டனார் வேடம் பூண்டு நிற்கும் பழைய புகைப்படம் ஒன்று இருக்குமாயின், அதன் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அவர் பெயர், பாத்திரம், கூத்தின் பெயர், பழக்கிய அண்ணாவியார் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை இன்றே எழுதிவையுங்கள். ஆண்டு திட்டமாகத் தெரியாவிடில், வீட்டில் மூத்தவரைக் கேட்டு, எந்தத் திருவிழாவை ஒட்டி, எந்தப் பிள்ளை பிறந்த வருடத்தில் என்றாவது குறியுங்கள். கூத்துக் கொப்பிகள் இருந்தால் அவற்றைப் பழைய கடதாசிக்காரனுக்குப் போடாதீர்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவிற் பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்குப் படத்தின் பிரதியையும் குறிப்பையும் அனுப்பலாம். சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் வரும் ஆடியில் தம் மாணவரை உடப்புக்கு அழைத்துச் சென்று, மேடையில் நிற்பவர்களைப் பார்த்து வரையச் செய்து, அதை லினோத் தகட்டிற் செதுக்கி அச்சிடக் கற்பிக்கட்டும். படத்தின் கீழே ஆடியவர் பெயரையும் செதுக்கிய பிள்ளையின் பெயரையும் நாளையும் வெட்டாமல் எந்தத் தகட்டையும் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.