முதலில் கோடு, பிறகு தகடு

லக்ஷ்மிபாய் நகர்வாசிகளுக்குத் தியாகராஜ் உள்ளரங்கம் புதியதல்ல. 2010ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட இந்த அரங்கிற்கு, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கிய கையோடு நடந்தே போய்விடலாம். 2024 ஜூலையில் தூர்தர்ஷனும் டில்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அங்கே ‘ரோபோகான்’ போட்டியை நடத்தின. தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த இயந்திரங்களோடு வந்திருந்தார்கள்.

அந்த ஆண்டு ஆசிய பசிபிக் இறுதிப் போட்டியை நடத்திய நாடு வியட்நாம். ஆகவே இயந்திரங்களுக்கு இடப்பட்ட வேலையும் விவசாய வேலைதான்: நாற்று நட வேண்டும், நெல்லைச் சேகரிக்க வேண்டும், பதரைத் தள்ளி நெல்லை மட்டும் குதிரில் சேர்க்க வேண்டும். தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2022 ஆகஸ்டில், இறுதிப் போட்டி நம் புது டில்லியிலேயே நடந்தது. அப்போது எடுத்துக்கொண்ட விளையாட்டு ‘லகோரி’. கல்லை அடுக்கி, பந்தால் அடித்துக் கலைத்து, எதிராளியிடம் அடிபடாமல் மறுபடி அடுக்குகிறோமே, நம் கிராமத்துப் பிள்ளைகளின் அந்த விளையாட்டேதான்.

அரங்கில் நாம் பார்ப்பது சில நிமிஷ ஆட்டம். அதற்கு முந்தைய மாதங்களில் அந்த மாணவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நாம் யோசிப்பதில்லை. அதைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்ததற்குக் காரணம் எங்கள் பிளாக்கில் நடந்த ஒரு சம்பவம்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பையன். பதினோராம் வகுப்பு, படிப்பது ஊரின் வேறொரு கோடியிலுள்ள பள்ளியில். தகப்பனார் மத்திய சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா. பையனும் நான்கைந்து தோழர்களும் ஆளுக்கு மூவாயிரம் ரூபாய் போட்டு, பள்ளி மாணவர்களுக்கான ஒரு போட்டிக்கு ரோபோ செய்தார்கள். புறப்படும் நேரத்தில் இயந்திரம் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 18 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. அலுமினியச் சட்டம் வாங்கினார்கள், அறுத்தார்கள், துளை போட்டார்கள், மோட்டார் பூட்டினார்கள். போட்டியன்று பரிசோதனை மேஜையில் அளவுப் பெட்டியைக் கவிழ்த்தால் பெட்டி இறங்கவில்லை. ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம், வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாகக் கையை அறுத்துக் குறைத்தார்கள். பெட்டி இறங்கியது. ஆனால் குறைந்துபோன கை கூடையை எட்டவில்லை. முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள்.

“எல்லாம் அளந்துதான் மாமா வெட்டினோம். கை மடங்கறப்போ மோட்டார் வெளியே தள்ளும்னு தோணவே இல்லை” என்றான் பையன். தகப்பனாரோ, “இனிமே ரோபோவும் வேண்டாம், கீபோவும் வேண்டாம். படிக்கிற வழியைப் பார்” என்று முடித்துவிட்டார். மூவாயிரம் ரூபாய் அவருக்குச் சிறு தொகையல்ல. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பையன்களிடமும் குறை இல்லை. தகட்டைத் தொடுவதற்கு முன் கோடு போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்று அந்தக் கோட்டைக் காகிதத்தில் போடவேண்டியதுகூட இல்லை. கம்ப்யூட்டர் திரையிலேயே போடலாம். இதற்கென்றே உள்ள மென்பொருளை ‘கேட்’ என்கிறார்கள்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், இன்ஜினீயர் அல்ல. தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டியதைச் சொல்கிறேன். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல முதலில் ஒரு தட்டையான உருவம் வரைகிறார்கள். அதற்கு அளவு கொடுக்கிறார்கள். பிறகு கனம் கொடுத்தால் அது சட்டமாகவோ தகடாகவோ எழுந்து நிற்கிறது. இப்படி ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே செய்து, பிறகு திரையிலேயே பூட்டுகிறார்கள். இந்த மூட்டு சுழலும், இது வழுக்கும் என்று சொல்லிவிட்டால் கையை மடக்கலாம், நீட்டலாம். எங்கே எது இடிக்கிறதோ அங்கே காட்டிவிடுகிறது. ஓர் அளவை மாற்றினால் அதை ஒட்டிய மற்ற அளவுகளும் தாமே மாறும்படி வைத்துக்கொள்ளலாம். அலுமினியமா, எஃகா என்று குறிப்பிட்டால் எடையும் தெரிந்துவிடும். அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகு ஏறக்குறைய 7.8 கிராம். இயந்திரம் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதில் மிக முக்கியமானது அசைத்துப் பார்ப்பது. ரயில்வேக்காரனான எனக்கு இது நன்றாகப் புரிகிறது. எங்கள் இலாகாவில் வண்டியின் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, பிளாட்பாரம் இத்தனை தள்ளி இருக்கவேண்டும் என்றெல்லாம் வரையறுத்த அளவு அட்டவணை உண்டு. 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை முழுவதற்கும் அதுதான் சட்டம். நேர்ப்பாதையில் எதிலும் உரசாமல் போகும் பெட்டி வளைவில் உரசக்கூடும். நீளமான பெட்டி வளையும்போது நடுப்பாகம் உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் தள்ளும். ஆகையால் நிற்கும் வண்டியை அளந்தால் போதாது, ஓடும் வண்டிக்கும் இடம் ஒதுக்க வேண்டும். எங்கள் பிளாக் பையன்கள் நிற்கும் கையை அளந்தார்கள். மடங்கும் கையை அளக்கவில்லை. ஆறு நூலில் போட்டி போயிற்று.

சென்னை பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை ‘டிரெயின் 18’ வண்டியை ஏறக்குறைய 18 மாதத்தில் உருவாக்கி 2018இல் வெளியே அனுப்பியதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அதுவே வந்தே பாரத் என்ற பெயரில் 2019 பிப்ரவரி 15 அன்று புது டில்லியிலிருந்து வாரணாசிக்குப் புறப்பட்டது. அந்த வேகத்துக்குப் பின்னால் தொழிலாளியின் கைத்திறமை உண்டு. எஃகை வெட்டுமுன் வடிவத்தைத் தீர்மானித்த வடிவமைப்பாளர்களின் உழைப்பும் உண்டு.

“இதெல்லாம் பணக்காரப் பள்ளிகளுக்கு” என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். என் கட்சி நேர் எதிரானது. பணம் உள்ளவன் தப்பாக வெட்டினால் இன்னொரு தகடு வாங்கிக்கொள்வான். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு முதல் தகடே கடைசித் தகடு. திரையில் பத்துத் தடவை தப்புச் செய்தாலும் காலணா செலவில்லை. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இவான் சதர்லண்ட் திரையில் கோடு வரையும் முறையைக் காட்டியபோது, அதற்கு வேண்டிய கம்ப்யூட்டர் பெரிய ஸ்தாபனங்களுக்கே எட்டும் பொருள். இன்று ‘ஃப்ரீகேட்’ என்ற மென்பொருள் இலவசம். சிறு பிள்ளைகள் பழக ‘டிங்கர்கேட்’ இலவசம். மாணவர்களுக்கு ‘ஆன்ஷேப்’பும் இலவசமாகவே கிடைக்கிறது. சிக்கனமான குடும்பத்துக்கு ஏற்ற கருவி என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?” என்ற கேள்வியும் நியாயமானதே. திரையில் பூட்டிய திருகாணியை நிஜத்தில் முடுக்கப் போனால் ஸ்க்ரூ டிரைவர் நுழைய இடம் இருக்காது. வயருக்கு வழி விட மறந்திருப்பார்கள். அச்சடித்த பிளாஸ்டிக் உறுப்பு ஆறியதும் ஒரு நூலிழை சுருங்கும். துளையில் அச்சு ஏறாது. ஆகவே வரைந்தவனே பட்டறையில் கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டும். செய்து பார்த்துத் திரும்பி வந்து திருத்த வேண்டும். கோடும் தகடும் மாமியார் மருமகள்போல் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டே குடித்தனம் நடத்த வேண்டியவை.

அதனால்தான் பெட்டியில் வரும் தயார் ரோபோக்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. விற்கிற கம்பெனியின் ஆள் வந்து பூட்டிக் கொடுப்பார். பிள்ளை பொத்தானை அழுத்துவான். ஆண்டு விழாவில் கைதட்டல் கிடைக்கும். தொடக்கத்தில் பழக அது பயன்படலாம். அதோடு நின்றுவிட்டால் பிள்ளை கற்றது பொத்தான் அழுத்த மட்டுமே. அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016இல் வந்தது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் இன்னும் 50,000 கூடங்கள் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கருவி வந்து சேரும். வரையும் பழக்கத்தை எந்தப் பட்ஜெட்டும் பார்சலில் அனுப்பாது.

தலைநகரத் தமிழர்கள் இதில் செய்யக்கூடியது நிறைய. 1923இல் வேரூன்றிய டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு லக்ஷ்மிபாய் நகர் உள்பட ஏழு பள்ளிகள் இருக்கின்றன. ஏழும் சேர்ந்து மாலையில் ஒரு வரைகலை வகுப்பு நடத்தலாம். கம்ப்யூட்டர் அறையை வாரத்தில் இரண்டு நாள், பள்ளி விட்ட பிறகு இரண்டு மணி நேரம் திறந்து வைத்தால் போதும். ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் வரைவாளர்களாகவும் இன்ஜினீயர்களாகவும் இருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். காலை நடைக்கும் கோவிலுக்கும் போன நேரம் போக அவர்களுக்குப் பொழுதும் இருக்கிறது. மென்பொருள் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அதைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். எந்த மூலையில் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்ற அனுபவம் பெரியவர்களிடம்தான் இருக்கிறது.

அந்த வகுப்புக்கு ஒரே ஒரு விதி வைக்கலாம்: வரைபடத்தைக் காட்டி, கையை முழுக்க மடக்கி நீட்டிக் காட்டாத வரையில் யாருக்கும் ரம்பம் கிடையாது. பெண் குழந்தைகளையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். இடுக்குப் புள்ளிக் கோலம் போடும் கைக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.

போன வாரம் எங்கள் பிளாக் பையனைப் படிக்கட்டில் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்தக் கையை மறுபடி வரைந்து வைத்திருக்கிறான். இந்தத் தடவை மோட்டாரை உள்பக்கமாகத் திருப்பியிருக்கிறான். “அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா” என்றான்.

நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் நாள் தவறாமல் பத்திரிகை படிக்கிறவர். இதைப் படித்தபின், இந்த வருஷம் பணம் கேட்கும் முன்பே பையன் கோடு போட ஆரம்பித்துவிட்டான் என்பதையாவது அவர் கணக்கில் எடுத்துக்கொள்வாரா?